"போய்ப் பாப்பம்" என்பது தவக்குல் அல்ல



கொஞ்சம் நீளமான பதிவுதான். லீவுக்கு டூர் போக யோசிக்கிற ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது கடைசிவரை வாசித்தால் போதும்.

பெருநாள் முடிந்த கையோடு நம்மூர்க் குடும்ப வாட்ஸ்அப் குறூப்புகளில் ஒரே கதைதான் ஓடுகிறது. "மச்சான், நுவரெலியா போவமா?" "இந்த முறை ஹோட்டல் வேணாம், டென்ட் அடிச்சு நிப்பம்." "எத்தின பேர்?" "வாறவங்க வரட்டும்." "எங்க டென்ட் அடிக்கிற?" "போய்ப் பாப்பம்." "மழை வந்தா?" "அல்லாஹ் பாத்துக்குவான்."

இந்தப் "போய்ப் பாப்பம்" பற்றித்தான் எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குடும்பத்தோடு பயணம் போவதற்கு நாங்கள் எதிரானவர்கள் அல்ல. கடலும் வயலும் மட்டும் கண்ட நம் பிள்ளை முதல் தடவையாக ஒரு தேயிலை மலையைப் பார்க்கும்போது படிப்பதை, வகுப்பறையில் பத்துப் பாடவேளை எடுத்தாலும் எங்களால் படிப்பிக்க முடியாது. உம்மா, வாப்பா, மூத்தம்மா, மாமிமார், சின்னப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ், ஒரே டென்டின் கீழ் ஒரு ராத்திரி இருப்பது பெரிய நிஃமத். எங்கள் எதிர்ப்பு ஆயத்தம் இல்லாத பயணத்துக்கு. அதைவிட, அந்த ஆயத்தமின்மைக்கு "தவக்குல்" என்று பெயர் வைப்பதற்கு.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. நமக்கெல்லாம் பாடம். ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! ஆனால் வேனில் ஏறியதும் ஒட்டகம் மறந்துவிடுகிறது.

ஹிஜ்ரத்தைப் பாருங்கள். அதைவிடப் பெரிய தவக்குல் உள்ள பயணம் உண்டா? அந்தப் பயணம் எப்படி நடந்தது? மதீனா வடக்கே இருக்க, முதலில் தெற்கே ஸவ்ர் குகைக்குப் போனார்கள். மூன்று இரவுகள் அங்கே தங்கினார்கள். மக்காவின் செய்தியை ராத்திரியில் கொண்டுவர அப்துல்லாஹ் இப்னு அபூபக்ர் இருந்தார். ஆடுகளை ஓட்டிவந்து பால் கொடுக்க ஆமிர் இப்னு ஃபுஹைரா இருந்தார். கட்டுச்சாதம் ஆயத்தப்படுத்த அஸ்மா நாயகி இருந்தார்கள். பாதை தெரிந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித் முஸ்லிமாகக்கூட இருக்கவில்லை. அவர் துறை தெரிந்தவர் என்பதற்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்டார். வாகனம், வழிகாட்டி, உணவு, தகவல், தங்குமிடம், நேரம் என்று எல்லாம் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்டது. இந்த உம்மத்தின் ஆண்டுக் கணக்கே திட்டமிட்ட ஒரு பயணத்திலிருந்துதான் தொடங்குகிறது. அந்த உம்மத்தில் இருந்துகொண்டு "திட்டம் போடுறது ஈமான் குறைவு" என்ற தோரணையில் பேசுவது எந்த ஊர் நியாயம்?

இனி விஷயத்துக்கு வருவோம்.

1. சாரதியும் மனிதன்தான்

அம்பாறை, கல்முனைப் பக்கத்திலிருந்து மலைநாட்டுக்குப் போகிற குடும்பங்கள் பல ராத்திரி பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில்தான் வேன் எடுக்கின்றன. "சுபஹோட போய்ச் சேர்ந்துட்டா ஒரு நாள் லாபம்." லாபம் யாருக்கு? அந்த ஹயர் வேன் சாரதி அன்று காலை பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருப்பார். பின்னேரம் இன்னொரு ஹயர் போயிருப்பார். அவரை ராத்திரி மஹாஓயா, பதியத்தலாவ காட்டு வழியால், யானை கடக்கிற றோட்டால் ஓட வைக்கிறோம். மஹியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் ஏறும்போது பின்னால் எல்லாரும் நித்திரை. விழித்திருக்க வேண்டிய ஒரே மனிதருக்குப் பிளேன்டீ மட்டும்தான் துணை.

போன இடத்திலும் அவருக்குப் படுக்கை இல்லை. வேனுக்குள் சீட்டைச் சாய்த்துப் படுக்கிறார். மறுநாள் ராத்திரி அதே மனிதர் நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறார்.

2025 செப்டம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு மே 11 அதிகாலையில் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்த விபத்துகளின் காரணத்தை விசாரணை செய்கிறவர்கள் சொல்லட்டும். ஆனால் இருட்டு, மலை, இறக்கம், களைப்பு இந்த நான்கையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது என்று புரிந்துகொள்ள விசாரணை அறிக்கை தேவையில்லை.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். பகலில் ஏறி, பகலில் இறங்குங்கள். சாரதிக்கு நம்மைப்போல ஒரு கட்டில், நம்மைப்போல ஒரு பிளேட் சோறு. ஏறிய கியரிலேயே இறங்குகிற, மலை றோட் பழகிய ஆளைப் பிடியுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி ஓடினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். பதினைந்து சீட் வேனில் இருபத்திரண்டு பேர் வேண்டாம். "பிள்ளைகள மடியில வெச்சிக்குவம்" என்கிறோம். 50 கிலோமீற்றர் வேகத்தில் வேன் எதிலாவது மோதினால் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது. இது பாசத்தின் குறைவு அல்ல, பௌதிகம்.

2. காலநிலை நம் லீவைப் பார்த்து மாறாது

நமக்கு லீவு கிடைக்கிற நேரத்தில் போகிறோம், சரி. ஆனால் எங்கே போவது என்பதையாவது காலநிலை பார்த்து முடிவெடுக்கலாமே.

டிசம்பர், ஜனவரி என்றால் வாடைக் காலம். நம் கடற்கரையிலும், மலைநாட்டின் கிழக்குச் சரிவான பதுளை, மடுல்சீமை, நக்கிள்ஸ் பக்கத்திலும் மழை கொட்டும் காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அப்போது மேற்குச் சரிவில் மழை, நம் பக்கம் கச்சான் காற்றும் வெயிலும். இது தரம் ஏழு பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பிள்ளையிடம் கேட்டாவது இடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் மண்சரிவுகளில் நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். அதற்குப் பிறகும் "வானிலை அறிக்கை பாத்தா எங்கயும் போகேலா" என்று சொல்கிறவரை என்ன சொல்வது? மண்சரிவு எச்சரிக்கை மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு வாரியாகத் தமிழிலும் வருகிறது. மஞ்சள் என்றால் அவதானம். செம்மஞ்சள் என்றால் பயணத்தை மாற்று. சிவப்பு என்றால் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே. கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

3. தண்ணீர் சத்தம் போடாது

ஆறு, நீர்வீழ்ச்சி, குளம் கண்டால் நம் பிள்ளைகள் பாய்கிறார்கள். பெரியவர்கள் கரையில் இருபது பேர் இருக்கிறார்கள். இருபது பேரும் பார்க்கிறார்கள் என்று இருபது பேரும் நினைக்கிறார்கள். கடைசியில் ஒருவரும் பார்ப்பதில்லை. ஒருவர் இறைச்சி சுடுகிறார், ஒருவர் வீடியோ எடுக்கிறார், மற்றவர்கள் கதைக்கிறார்கள்.

நீரில் மூழ்குகிற பிள்ளை சினிமாவில் காட்டுவதுபோல கையை ஆட்டிக் கத்தாது. வாயும் மூக்கும் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்போது மூச்சு எடுக்கவே நேரமில்லை, கூப்பிட எங்கே நேரம்? சத்தமில்லாமல், பத்தடி தூரத்தில், ஒரு செல்ஃபி எடுக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும். பிறகு அதைக் காப்பாற்றக் குதிக்கிற வாப்பா, அவரைக் காப்பாற்றக் குதிக்கிற மாமா என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று ஜனாஸா எடுத்த ஊர்கள் இந்த நாட்டில் எத்தனை!

ஆகவே தண்ணீருக்குப் போனால், அரை மணித்தியாலத்துக்கு ஒருவர் முறைபோட்டுக் காவல் நில்லுங்கள். அவர் கையில் போன் இருக்கக் கூடாது. ஒரு நீளக் கயிறு, மூடி இறுக்கிய வெறும் கேன் ஒன்று கரையில் இருக்கட்டும். யாராவது தத்தளித்தால் முதலில் தடியை நீட்டு, கயிறை எறி, கேனை எறி. நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது. ஆற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் வந்தால், மட்டம் ஏறினால், நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்திருக்கிறது. அந்த நிமிடமே எல்லாரும் கரையேற வேண்டும்.

இன்னுமொன்று, கொஞ்சம் கசக்கும். நம் பெண் பிள்ளைகள் நனைந்தால் கனக்கிற உடுப்போடு, நீச்சல் தெரியாமல் இறங்குகிறார்கள். கடற்கரை ஓரத்தில் பிறந்த பெண் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது என்பது ஹயா அல்ல, ஆபத்து. பெண்களுக்குத் தனி நேரம், தனி இடம், பெண் பயிற்றுநர் என்று ஒழுங்கு செய்ய நம் ஊர் அமைப்புகளால் முடியாதா? மைதானத்துக்கு விளக்குப் போட முடிந்தவர்களால் இதுவும் முடியும்.

4. பெண்களுக்கு இது டூரா, டியூட்டியா?

விடுமுறை முடிந்து வருகிற பிள்ளைகளிடம் "எனது சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொல்வோம். ஆண்டுதோறும் வாசிக்கிறோம். "வாப்பாவும் சாச்சாவும் குளித்தார்கள். நாங்கள் விளையாடினோம். உம்மா சமைத்தா. மாமி கோப்பை கழுவினா." பிள்ளைகள் குறை சொல்லி எழுதவில்லை. உள்ளதை எழுதுகிறார்கள். அதனால்தான் அது இன்னும் உறைக்கிறது.

டூருக்கு இரண்டு நாளைக்கு முன்பே பெண்களுக்கு வேலை தொடங்கிவிடும். கோழி வெட்டி மசாலா பூசி, சம்பல் இடித்து, பிள்ளைகளின் உடுப்பு மடித்து, மருந்து தேடி, வீட்டைக் கூட்டி, கோழிக்கூட்டுக்குத் தீன் போட ஆள் சொல்லி, கடைசியாக வேனில் ஏறுகிறவள் அவள்தான். போன இடத்தில் கேஸ் அடுப்பு, பெரிய சட்டி, புரியாணி. நுவரெலியாத் தண்ணீரில் முப்பது பேரின் கோப்பை. ஆண்கள் ஒரு மணித்தியாலம் இறைச்சி சுட்டுவிட்டு "இண்டைக்கு நாங்கதான் சமையல்" என்று போட்டோ போடுகிறார்கள். அந்த இறைச்சியை வெட்டியது யார், ஊற வைத்தது யார், தட்டு கழுவியது யார்?

நபியவர்கள் வீட்டு வேலையில் பங்கெடுத்தார்கள் என்பதை ஆயிஷா நாயகி சொன்னதாகப் புகாரியில் வருகிறது. வீட்டிலேயே அப்படியென்றால் பயணத்தில் எப்படி இருக்க வேண்டும்?

அடுத்தது மலசலகூடம். பேசக் கூச்சப்படுகிறோம், ஆகவே பெண்கள் கஷ்டப்படுகிறார்கள். ஆண்கள் றோட்டோரம் இறங்கிவிடுகிறார்கள். பெண்களோ இறங்க இடமில்லை என்று தெரிந்து புறப்பட முதலே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். எட்டு, பத்து மணித்தியாலம். சிறுநீர்த் தொற்று அதன் பரிசு. சீனி வருத்தம் உள்ள உம்மாவுக்கும் வயிற்றில் பிள்ளை உள்ள தங்கச்சிக்கும் இது விளையாட்டல்ல. மலை உச்சியில் டென்ட் அடிக்கத் தெரிவு செய்த ஆண்களே, அங்கே பெண்கள் ராத்திரி எங்கே போவார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? மாதவிடாய் நாளில் ஒரு பெண் என்ன செய்வாள்?

தீர்வு இதோ. வழியில் பெண்களுக்கு வசதி உள்ள பள்ளிவாசல்கள், சுத்தமான சாப்பாட்டுக் கடைகள் எவை என்று முதலே போன் பண்ணிக் கேட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். தூரப் பயணிக்கு மார்க்கம் சுருக்கவும் சேர்த்துத் தொழவும் சலுகை தந்திருக்கிறது. ளுஹரும் அஸரும் ஒரே நிறுத்தத்தில், மஃரிபும் இஷாவும் ஒரே நிறுத்தத்தில் முடியும். முதல் நாள் சாப்பாடு கடையில். மற்ற வேளைகள் முறை போடுங்கள். ஒரு வேளை பெண்கள், அடுத்த வேளை ஆண்கள், கோப்பை கழுவல் உட்பட. காலையில் ஆக்கிய சோற்றுப் பார்சலைச் சூடான வேனுக்குள் வைத்து அஸருக்குச் சாப்பிடாதீர்கள். வயிற்றோட்டத்தோடு டென்டுக்குள் கிடப்பதைவிடப் பாணும் வாழைப்பழமும் ராஜ சாப்பாடு.

5. டென்ட் என்பது போட்டோவுக்கு அல்ல

இப்போது எல்லாருக்கும் கேம்பிங் ஆசை. நரங்கல, மடுல்சீமை, ரிவஸ்டன், மீமுரே என்று டிக்டொக்கில் பார்த்துவிட்டுக் கைக்குழந்தையோடு போகிறார்கள்.

தேசியப் பூங்காக்களுக்குள் தங்க வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நக்கிள்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட வனங்களில் வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். "இருட்டினாப் பிறகு அடிப்பம்" என்பது களவு. முதல் தடவை என்றால் மலசலகூடமும் காவலும் உள்ள கேம்பிங் இடத்துக்கே போங்கள்.

குளிரைக் கணக்குப் பாருங்கள். 1000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். நுவரெலியா 1868 மீற்றர். நம்மூரில் ராத்திரி 25 பாகை என்றால் அங்கே 13 பாகைக்குள். தை மாசியில் அதைவிடக் கீழே போகும், சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி கிடக்கும். சாரனும் பெட்ஷீட்டும் போதாது. மேலே போர்ப்பதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். குளிர் நிலத்திலிருந்துதான் ஏறும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ டென்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையில் இருப்பவர் எழும்பவே மாட்டார். அணைந்ததுபோல் இருக்கும் தணலும் அப்படித்தான்.

டென்டை ஆற்றங்கரை மட்டத்தில் அடிக்காதீர்கள். பட்ட மரத்தின் கீழ் அடிக்காதீர்கள். வாங்கிய டென்டை முதலில் வீட்டு முற்றத்தில் அடித்து ஒரு ராத்திரி பிள்ளைகளோடு படுத்துப் பாருங்கள். எது குறைகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு அதுவே பாதி டூர்.

6. நாம் விட்டுவருவது என்ன?

சுருக்கமாகச் சொல்கிறோம். லஞ்ச் ஷீட்டை 2017 இலேயே இந்த நாடு தடை செய்தது. நம் டூர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆற்றங்கரையில் எலும்பு, பெம்பர்ஸ், போத்தல். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஸ்பீக்கர். போயா நாளில் விகாரைக்குப் பக்கத்தில் இறைச்சி சுடல். அந்த ஊர் சிங்கள அம்மாவுக்கு நம் பெயர் தெரியாது. அவவுக்குத் தெரிந்தது நம் தொப்பியும் ஹபாயாவும்தான். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படிப்பிக்கும் நாம், பாதையில் தொல்லையைப் போட்டுவிட்டு வருகிறோம். கொண்டுபோன குப்பையை வேனிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

இனி வரப்போகும் கேள்விகள். நாங்களே கேட்டு நாங்களே பதில் சொல்கிறோம்.

"எங்கட வாப்பாமார் லொறியில போனாங்க, ஒண்டும் நடக்கல." நடந்தவர்கள் வந்து கதை சொல்வதில்லை, அதனால்தான் உங்களுக்குக் கேட்கவில்லை.

"கத்ரில இருந்தா நடக்கும்." உண்மை. அப்படியென்றால் வீட்டுக் கதவை ராத்திரி ஏன் பூட்டுகிறீர்கள்? கடைக்கு ஏன் கெமரா? பொருளுக்கு ஒரு அகீதா, பிள்ளைக்கு ஒரு அகீதாவா?

"திட்டம் போட்டா டூர்ல சந்தோஷம் இருக்காது." யாருடைய சந்தோஷம்? திட்டமில்லாத டூரில் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் தலையில் சுமக்கிறார். அவர் சாரதியாக இருப்பார், அல்லது உம்மாவாக இருப்பார். நமக்குப் பாரம் தெரியவில்லை என்றால் அது வேறொருவர் தோளில் இருக்கிறது என்று அர்த்தம்.

"காசு கூடப் போகும்." ஒரு நாள் குறைத்துப் போங்கள். இரண்டு இடம் குறையுங்கள். மூன்று நாளில் ஒன்பது இடம் பார்த்து, எந்த இடமும் ஞாபகம் இல்லாமல் வருவதைவிட ஒரே இடத்தில் நின்று வாருங்கள்.

கடைசியாக நாங்கள் கேட்பது ஒரே ஒரு தாள். குடும்ப மஷூரா ஒன்று வையுங்கள். பெண்களும் இருக்கட்டும், அவர்களின் பேச்சு எடுபடட்டும். மூன்று பேர் பயணம் போனாலே ஒருவரை அமீராக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது, ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அந்தத் தாளில் இவற்றை எழுதுங்கள்: போகிறவர்களின் பெயர், யாருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து. புறப்படும் நேரம், நிறுத்தும் இடங்கள். தங்கும் இடம், அனுமதி எடுத்தாயிற்றா. யார் எந்த வேளை சமையல். யார் எப்போது தண்ணீர்க் காவல். தலைக்கு எவ்வளவு காசு, அவசரத்துக்கு ஒதுக்கிய காசு எவ்வளவு. இதை எழுதினால் டூருக்குப் பிறகு நானா தம்பி மனஸ்தாபமும் வராது. அடியில் மூன்று இலக்கம்: அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவத்துக்கு 117. ஒரு பிரதி வேனில், ஒரு பிரதி ஊரில் இருக்கிற ஒருவரிடம்.

இதை எழுத ஒரு இஷா தொழுகைக்குப் பிந்திய ஒரு மணித்தியாலம் போதும். அந்த ஒரு மணித்தியாலம் கூட ஒதுக்க முடியாத குடும்பம் மலை ஏற ஆயத்தமாகவில்லை. அந்த லீவுக்கு வீட்டு முற்றத்தில் டென்ட் அடித்துப் படுக்கட்டும். பிள்ளைகள் அதற்கும் சந்தோஷப்படுவார்கள்.

கதீப்மாரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த லீவுக்கு முந்திய ஜும்ஆவில் பயண துஆவோடு சேர்த்து, பகலில் ஓடுங்கள், தண்ணீரில் காவல் வையுங்கள், பெண்களுக்கு ஓய்வு கொடுங்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். ஜனாஸா வந்த பிறகு சொல்லும் நஸீஹத்தை வேன் எடுக்க முதல் சொல்லுங்கள்.

உடன்படாதவர்கள் கொமெண்டில் வந்து பேசுங்கள், பதில் சொல்வோம். உடன்படுகிறவர்கள் உங்கள் குடும்பக் குறூப்பில் போடுங்கள். குறிப்பாக "போய்ப் பாப்பம்" என்று சொன்ன மச்சானுக்கு.

பயணம் போகிற ஒவ்வொரு வேனையும் அல்லாஹ் ஆஃபியத்தோடு வீட்டு வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவருவானாக. ஒட்டகத்தைக் கட்டுகிற அறிவையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.